தூக்குவதற்கு முன் ஒரு மூச்சு

அண்ணி செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு, பட்டறையின் சோதனைக் கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்தாள். பின்னலை ஒரு பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். கண்களை மூடினாள்.

கட்டிலின் இரு பக்கமும் நின்ற இயந்திரத்தின் கைகள் நகர்ந்தன. ஒன்று அவளுடைய தோளுக்குக் கீழே போனது, இன்னொன்று முழங்காலுக்குக் கீழே. மெத்தைக்கும் உடம்புக்கும் நடுவில், தலையணை உறைக்குள் கை நுழைவதைப்போலச் சத்தமில்லாமல் நுழைந்தன. பிறகு நின்றன.

பழுது என்றுதான் நினைத்தேன். அண்ணியின் மார்பு ஒருமுறை ஏறியது, அப்படியே நின்றது, மெல்ல இறங்கியது. அது இறங்கி முடித்த இடத்தில் கைகள் அவளைத் தூக்கின.

அந்தத் தயக்கத்தை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில், அப்பாவின் அறை வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்றுகொண்டு, எத்தனையோ காலைகளில் அதைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் அப்பாவை இப்படித்தான் தூக்குவான். கைகளை அடியில் கொடுத்துவிட்டு, எதையோ மறந்துவிட்டவன் போல ஒரு கணம் நிற்பான். அப்புறம்தான் தூக்குவான்.

"பாத்தியா?" என்றாள் அண்ணி, காற்றில் படுத்தபடியே. கண்ணைத் திறக்கவில்லை. "வாயால சொன்னா, புருஷன் போன துக்கத்துல உளர்றேன்னு நினைப்பே. அதான் படுத்துக் காட்டினேன்."

பட்டறையில் அண்ணனுக்கு 'மெதுவா' என்று பெயர். யாராவது திருகைப் பலமாக முடுக்கினாலும், கதவை ஓங்கிச் சாத்தினாலும், சாப்பாட்டு மேசையில் குரலை உயர்த்தினாலும் அவன் வாயிலிருந்து வருகிற ஒரே சொல் அதுதான். போன மழைக்காலத்தில், இதே இயந்திரத்தின் பக்கத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். எல்லோரும் ஓடிவந்தபோது "மெதுவா, மெதுவா" என்றானாம். அதோடு சரி. இயந்திரத்தின் கைகள் ஒரு மணல் மூட்டையை ஏந்திக்கொண்டு அன்று சாயங்காலம்வரை காற்றில் நின்றிருந்தன. நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மாற்றுகிற இயந்திரம் அது. அதன் ஒயர்கள் எல்லாம் அண்ணியின் பொறுப்பு. என்னை அங்கே கூப்பிட்டது அதை அளப்பதற்காக.

என் தொழிலைச் சொன்னால் சொந்தக்காரர்களுக்குப் புரியாது. அத்தை ஒருத்தி இன்றுவரை நான் நிலம் அளக்கிறேன் என்றே எல்லோரிடமும் சொல்லிவருகிறாள். இரும்பும் மின்சாரமும் கணினி நிரலும் சேர்ந்து இயங்குகிற ஒரு பொருள் எவ்வளவு சிக்கலானது, அதன் உறுப்புகள் ஒன்றோடொன்று எவ்வளவு பின்னிக்கிடக்கின்றன என்று அளந்து சொல்வதுதான் என் வேலை. அதற்கென்று கருவி எதுவும் கிடையாது. ஒரு சுவரும் கொஞ்சம் காகிதமும் போதும். பொருளின் பகுதிகளை இடப்பக்கம் மேலிருந்து கீழாக எழுதுவேன். அதே பெயர்களை மேலே இடமிருந்து வலமாகவும் எழுதுவேன். நடுவில் விழுகிற ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே கேள்விதான்: இது மாறினால் அதுவும் மாற வேண்டுமா? ஆம் என்றால் அந்தக் கட்டத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் விழும் பொட்டு லேசானது. இரும்பிலிருந்து ஒயருக்கும், ஒயரிலிருந்து நிரலுக்கும் தாவுகிற பொட்டு கனமானது, ஏனென்றால் அங்கேதான் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் கடைசியில் ஓர் எண் வரும். எண் பெரிதாக இருந்தால் அந்தப் பொருள் ஒரே உடம்பாகக் கிடக்கிறது என்று அர்த்தம். சிறிதாக இருந்தால் பிரித்துப் பிரித்துச் செய்துகொள்ளலாம்.

"சிறிசாத்தான் வரணும்," என்றார் மேலாளர், முதல் நாளே. நல்ல மனிதர். பேசும்போது எதிரிலிருப்பவரின் கோப்பையில் தேநீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே பேசுவார். "தயாரிக்கப்போற கம்பெனிக்கு மூணு ஊர்ல மூணு தொழிற்சாலைம்மா. ஒருத்தன் கையைச் செய்வான். ஒருத்தன் மின்பெட்டியைச் செய்வான். ஒருத்தன் நிரலை ஏத்துவான். ஒருத்தனுக்கொருத்தன் போன்கூடப் பண்ணிக்க மாட்டான். அப்படிச் செய்ய முடியும்னு உங்க எண் சொல்லணும். எல்லை எவ்வளவுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அதைத் தாண்டினா இதை மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"தாண்டலைன்னா?"

"முதல் இயந்திரம் உங்க அப்பாவுக்கு. உங்க அண்ணன் இருந்தப்பவே நான் கொடுத்த வாக்கு."

அவர் சொன்னதும் என் இடுப்பு வலி தானாகவே நினைவுக்கு வந்தது.

அண்ணன் போன பிறகு அப்பாவைத் தூக்குவது நான்தான். உடம்பின் ஒரு பாதி அவருக்கு உதவாது. பேச்சு இரண்டு மூன்று சொற்களுக்குச் சுருங்கிவிட்டது. நான் கையை அடியில் கொடுத்ததும் அவர் உடம்பு மரக்கட்டையாகிவிடும். நல்ல கையால் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "விழுவேன், விழுவேன்" என்பார். ஒருநாளும் அவரை நான் போட்டதில்லை. ஆனாலும் தூக்கும் நேரம் வந்தால் அவர் கண் கதவுக்குப் போய்விடும். மகன் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. அவருக்கும் புரிந்து, அழுதும் விட்டார். கண்ணுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்த இயந்திரம் வீட்டுக்கு வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அண்ணிக்கு வேண்டியது வேறு.

"குறைக்கிறேன், குறைக்கிறேன்னு அதை எடுத்துடாதே," என்றாள் அண்ணி. பட்டறையின் பின்வாசலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"அது எங்க இருக்குன்னே தெரியலையே அண்ணி. எதைன்னு எடுக்கிறது?"

"தெரியாமலே எடுத்துடுவீங்க. அதான் பயம்." கோப்பையின் அடியிலிருந்த இலைத்தூளை மண்ணில் கொட்டினாள். "தினம் காலைல வந்ததும் ஒருதடவை படுத்துக்கறேன். சோதனைன்னு சொல்லிப்பேன். எல்லாருக்கும் தெரியும், யாரும் கேக்கறதில்ல. வீட்டுல அவர் சட்டை இருக்கு, கடிகாரம் இருக்கு. ஆனா எதுவும் எனக்காக நிக்கல. இது மட்டும்தான் நிக்குது."

சுவரில் பொட்டுகள் சேர ஆரம்பித்தன. எல்லோரும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். "சுவத்துக்கு அம்மை போட்டிருக்கு, யாரும் பக்கத்துல போகாதீங்க" என்றார் பல்லண்ணன். பல்சக்கரங்கள் செய்கிறவர். அவருடைய முன்வரிசையில் ஒரு பல் கிடையாது. இரண்டு காரணத்துக்காகவும் அந்தப் பெயர். நிரல் எழுதுகிறவனுக்குக் கண்ணாடி என்று பெயர், காரணம் மூக்கின் மேலேயே இருந்தது. என்னை அவர்கள் முதல் வாரமே அளவுக்காரி ஆக்கிவிட்டார்கள்.

எல்லாப் பொட்டும் ஒழுங்காக விழுந்தது, அந்தத் தயக்கத்தைத் தவிர. அதை எந்த வரிசையில் வைப்பது? அது யாருடையது?

"என் பக்கம் இல்லம்மா," என்றார் பல்லண்ணன். "இரும்பு தயங்காது. சொன்னா சுத்தும், சொல்லலைன்னா சும்மா கிடக்கும். ஒயர்லதான் ஏதோ இருக்கு. உங்க அண்ணிகிட்ட இதைச் சொன்னேன்னு சொல்லிடாதே."

"என் ஒயர்ல மின்சாரம் உக்காந்து யோசிக்காது," என்றாள் அண்ணி.

கண்ணாடி தன் திரையை என் பக்கம் திருப்பினான். "அக்கா, நிக்கணும்னு நான் ஒரு வரிகூட எழுதலை. நீங்களே தேடிப் பாருங்க. பல்லண்ணனோட பிரேக்தான் ஒட்டிக்குது. உண்மையைச் சொன்னா, நான் அதைப் பார்த்ததே இல்ல. நீங்க எல்லாரும் ஏதோ பேயைப் பத்திப் பேசுறீங்க."

"பாத்ததே இல்லையா?"

"தினம் நூறுதடவை தூக்கிப் பாக்கறேன். ஒருதடவைகூட நின்னதில்ல."

அவன் மணல் மூட்டையைக் கட்டிலில் போட்டான். கைகள் அடியில் போயின. போன கையோடு தூக்கின. நடுவில் ஓர் இமைப்பொழுதுகூட இல்லை. "பாத்தீங்களா?" என்றான்.

"நீ நகரு," என்றாள் அண்ணி. செருப்பைக் கழற்றினாள், படுத்தாள். கைகள் அடியில் போயின. நின்றன. அவள் மூச்சு ஏறி, இறங்கி முடிந்தது. தூக்கின.

மூலையில் காற்றழுத்தி மட்டும் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"மூட்டைக்கு நிக்கல," என்றான் கடைசியில். "உங்களுக்கு நிக்குது."

"பொண்டாட்டிக்கு நிக்காம மூட்டைக்கா நிப்பான்?" என்றார் பல்லண்ணன். சிரிக்க வைக்கத்தான் சொன்னார், ஆனால் குரல் பாதியில் உள்ளே போய்விட்டது. அதைச் சமாளிக்க, "நான் படுக்கறேன், பாப்போம்" என்று தானே கட்டிலில் ஏறினார்.

இயந்திரம் அவருக்கும் நின்றது. அண்ணிக்கு நின்றதைவிட அதிக நேரம் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பல்லண்ணனின் முகம் சிவந்து, பிறகு கறுத்தது.

"என்னடா பண்ணுது? ஏன்டா தூக்கலை?" என்று கத்தினார். கத்தியதில் அடக்கி வைத்திருந்த காற்றெல்லாம் வெளியே வந்தது. உடனே கைகள் அவரை அலுங்காமல் தூக்கின. "இறக்குடா! இறக்கித் தொலைடா!"

சிரிப்பில் கண்ணாடி தரையில் உட்கார்ந்துவிட்டான். அண்ணிகூடச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. பயந்தவர் மூச்சைப் பிடித்திருந்தார். அவர் மூச்சை விடும்வரை இயந்திரம் காத்திருந்தது.

அதற்கப்புறம் நான் பொட்டு வைப்பதை நிறுத்திவிட்டு, வைத்த பொட்டுகளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். இது ஏன் இப்படி இருக்கிறது, யார் இப்படி வைக்கச் சொன்னார்கள் என்று. மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். மூன்று பேரும் ஒரே ஆளைச் சொன்னார்கள். அண்ணனை.

பல்லண்ணனிடம் அவன் கேட்டது ஓர் இடைவெளி. "பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல ஒரு மயிரிழை விடுங்கண்ணேன்னான். இந்தத் தொழில்ல ஆயுசு முழுக்க அந்த இடைவெளியை ஒழிக்கத்தான் பாடுபடுறோம். இவன் அதைக் கேட்டு வாங்கறான். சின்ன விஷயம்தானேன்னு விட்டுட்டேன்."

அண்ணியிடம் எடை உணரியை இடம் மாற்றச் சொல்லியிருந்தான். மூட்டில் இருக்க வேண்டியதைக் கையின் மேல், திண்டுக்கு அடியில், தோல் மாதிரி பரப்பச் சொல்லியிருந்தான். "ஒயர் நீளமாகுதுன்னு சண்டை போட்டேன். ரெண்டு நாள் பேசலை. அப்புறம் செஞ்சு கொடுத்தேன்."

கண்ணாடியிடம் ஒரே ஒரு நிபந்தனை. உணரி சொல்கிற எடை ஆடாமல் நிற்கும்வரை பிரேக்கை விடாதே. "அது தாமதம் இல்லக்கா, பாதுகாப்புன்னு நினைச்சேன். மணல் மூட்டை ஆடாதில்ல. அதனால எனக்குத் தெரியவே இல்ல."

தொட்டதும் மனிதர் மூச்சைப் பிடிக்கிறார். உடம்பு இறுகி எடை நடுங்குகிறது. இயந்திரம் நிற்கிறது. மூச்சை விட்டதும் உடம்பு அந்த மயிரிழை அளவு கையில் அமர்கிறது, யாரோ தாங்குகிறார்கள் என்று அதற்குத் தெரிகிறது. எடை அடங்குகிறது. பிரேக் விடுகிறது. இரும்பில் மட்டும் பார்த்தால் அது இல்லை. ஒயரிலும் இல்லை, நிரலிலும் இல்லை. ஆளுக்கொரு சின்ன உதவியாகக் கேட்டு, யாருக்கும் மொத்தத்தையும் சொல்லாமல், அண்ணன் தன் இரண்டு கைகளை மூன்று பேர் வேலைக்குள் ஒளித்துவைத்துவிட்டுப் போயிருந்தான்.

அன்று மத்தியானம் சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்திருந்தேன். நாங்கள் செய்கிற பகுதிகளை மட்டும் எழுதுவோம். செய்யாததை எழுத மாட்டோம். எல்லாவற்றுக்கும் கீழே புதிதாக ஒரு வரிசை ஒட்டினேன். 'படுத்திருப்பவர்' என்று எழுதினேன். அந்த வரிசையில் பொட்டு வைக்க ஆரம்பித்தபோது கை நிற்கவில்லை. திண்டு, உணரி, பிரேக், மோட்டார், பல்சக்கரம், நிரல். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. பொட்டுகள் வரிசையாக நின்றதைப் பார்த்தால், சுவரின் அடியில் யாரோ கறுப்பாக, நீளமாகப் படுத்திருப்பது போலிருந்தது.

எண் எல்லையைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது.

மேலாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"இந்தக் கடைசி வரிசை, இவரை நாம செய்யறோமா?"

"இல்ல."

"எந்தத் தொழிற்சாலையாவது செய்யுமா?"

"இல்ல."

"அப்புறம் இவரு ஏன்மா சுவத்துல இருக்காரு?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. விதிப்படி அவர் சொன்னது சரி. என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் இயந்திரம் மூட்டைக்குள் போய்விடும். அப்பாவின் கண் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும், என் இடுப்பு ஒருநாள் ஒடிந்துவிடும். ஒரு தயக்கத்துக்காகவா? அண்ணன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்தேன். அவன் சொல்வது ஒரே சொல், அது இங்கே உதவாது.

பொட்டுகளை நானே உரித்தேன். வரிசை இருந்த இடத்தில் பசை மட்டும் பிசுபிசுப்பாக மிஞ்சியது. அப்புறம், எண்ணை இன்னும் இறக்குவதற்காக, மற்ற வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. பல்லண்ணன் இடைவெளியை அடைத்தார். உணரி மூட்டுக்குப் போனது. கண்ணாடி தன் நிபந்தனையை அழித்துவிட்டு நேரடியான கட்டளை ஒன்றை எழுதினான். கறுப்புப் பொட்டுகள் பாதியாகின. எண் அழகாக எல்லைக்குள் வந்து உட்கார்ந்தது. எல்லோரும் கை கொடுத்தார்கள்.

மறுநாள் காலை அண்ணி வழக்கம்போல வந்து செருப்பைக் கழற்றிப் படுத்தாள். கைகள் அவள் மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும்போதே தூக்கிவிட்டன. காற்றில் அவள் உடம்பு ஒருமுறை துள்ளியது. இறங்கினாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நல்லா வேலை செய்யுது," என்றாள் என்னிடம். அதற்கப்புறம் அவள் அதில் படுக்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

இயந்திரம் வீட்டுக்கு வந்த அன்று ஜன்னலைத் திறந்து, அறையைப் பெருக்கி, அப்பாவுக்குத் துவைத்த சட்டை போட்டுவிட்டேன். கைகள் அவரடியில் போனதும் அவர் மூச்சைப் பிடித்தார். அது நிற்கவில்லை. அப்பா அலறிய அலறல் பக்கத்து வீட்டுக்காரரைப் படியேற வைத்தது. பிடித்துக்கொள்ள அங்கே என் சட்டைகூட இல்லை. வழுக்கும் உலோகத்தில் அவருடைய விரல்கள் தேடித் தேடி அலைந்தன. கீழே இறக்கிய பிறகும் "விழுவேன்" என்பதை அவர் நிறுத்தவில்லை.

அதன்மேல் ஒரு போர்வையைப் போர்த்தி மூலையில் தள்ளினேன். பழையபடி நானே தூக்கினேன். அப்பா கதவைப் பார்க்கும் நேரம் போக, இப்போது அந்தப் போர்வையையும் பார்த்தார். போர்வைக்குள் கைகள் இரண்டும் சற்றே முன்னால் நீண்டிருந்தன.

கண்ணாடியைக் கூப்பிட்டேன். தன் கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். நான் சொன்னதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான்.

"பழையபடி ஆக்க முடியாதுக்கா. இரும்பு வேற, உணரி இடம் வேற. ஆனா ஒண்ணு பண்ணலாம். கையடக்கமா ஒரு பொத்தான். முதல்தடவை அழுத்தினா கை அடியில போய் நிக்கும். ரெண்டாவது தடவை நீங்க அழுத்துற வரைக்கும் தூக்காது. நடுவுல எவ்வளவு நேரம்னு நீங்க பாத்துக்கங்க." பொத்தானை என் உள்ளங்கையில் வைத்தான். "நீங்க உரிச்ச வரிசையை நீங்களே போடுறீங்க, அளவுக்காரி."

அன்றிலிருந்து ஒரு கையை அப்பாவின் விலாவில் வைத்துக்கொள்வேன். மறு கையில் பொத்தான். முதல் அழுத்தல். கைகள் போய் நிற்கும். விலா எலும்புகள் என் கைக்குள் மேலேறி, கல்லாகி நிற்கும். நானும் நிற்பேன். அவர் விடுவார். நான் அழுத்துவேன். சில நாளில் அவர் 'விழுவேன்' என்பதை விட்டார். ஒருநாள் காலை கதவைப் பார்க்கவில்லை என்பதைத் தூக்கி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

அண்ணன் எப்படி நின்றான் என்று எனக்கு இப்போது உள்ளிருந்தே தெரிந்தது. எதையோ மறந்தவன் போல நின்றான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

ஒரு காலை, முதல் அழுத்தலுக்குப் பிறகு போன் அடித்தது. பொத்தானை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு மேசைக்குப் போனேன். போனை அணைக்கத் திரும்பிய முதுகுக்குப் பின்னால், மோட்டாரின் மெல்லிய முனகல் கேட்டது.

திரும்பினேன். அப்பா காற்றில் இருந்தார். கண்கள் மூடியிருந்தன. முகம் தூங்குகிற குழந்தையைப் போல இளகியிருந்தது. பொத்தான் ஜன்னல் திட்டில், நான் வைத்த இடத்தில், வெயிலில் இருந்தது.

கண்ணாடி வந்து பதிவைப் பார்த்தான். "ரெண்டாவது தடவை அழுத்தினதா பதிவாயிருக்குக்கா."

"யாரு?"

"அதுக்கு யாருன்னு தெரியாதுக்கா. அழுத்தினாங்களா இல்லையான்னுதான் தெரியும்." பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வெயில்ல சூடாகி உள்ள ஒட்டியிருக்கலாம். மாத்திக் கொடுக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன்.

அண்ணிக்கு போன் செய்தேன். நடந்ததை மட்டும் சொன்னேன், எதையும் சேர்க்கவில்லை. மறுமுனையில் பட்டறையின் காற்றழுத்தி புஸ்ஸென்றது. "சரி, வேலை கிடக்கு" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்றாள். எண்ணெய் வைத்துப் பின்னிய தலை, கையில் ஒரு பை ஆரஞ்சு. என்னைப் பார்த்து, "என்ன நாத்தனாரே, இளைச்சுட்டே" என்றாள், இடையில் எதுவுமே நடக்காததுபோல. நேரே அப்பாவிடம் போய், "மாமா, என்னை ஞாபகம் இருக்கா, உங்க மகனோட சண்டைக்காரி" என்றாள். அப்பா நல்ல கையால் அவள் விரலைப் பிடித்துக்கொண்டார்.

நான் அப்பாவை நாற்காலிக்கு மாற்றினேன். அவள் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை அப்பாவின் விலாவில் காத்திருந்தபோது அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீ நல்லாத்தான் பண்றே," என்றாள் பிறகு. "ஆனா அது நீ."

"ஆமா."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளையை மென்றுகொண்டிருந்தார். அண்ணி செருப்பைக் கழற்றினாள். கட்டிலுக்கடியில் காலால் தள்ளினாள். "மாமா, ஒரு நிமிஷம் உங்க இடத்தை எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஏறி மல்லாந்து படுத்து, பின்னலை ஒரு பக்கமாக இழுத்துப் போட்டாள். கண்களை மூடினாள்.

பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். அதை ஜன்னல் திட்டில் வைத்தேன். அப்பாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

உள்ளே கைகள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. கதவுக்கு இந்தப் பக்கம், அப்பா மெல்லுவதை நிறுத்தினார். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.